விடியலில் கூட்டினால் என்ன? கடலோரத் தூசி பற்றி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆடி பிறந்த நாள் முதல் கச்சான் எனும் தென்மேற்குக் காற்று கிளப்பிவிடும் புழுதியைப் பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் மூன்று கடிதங்கள் வந்துவிட்டன. ஒருவர் அதை மணற்புயல் என்கிறார். மற்றொருவர் பழி முழுவதையும் உப்பளங்களின் மேல் போடுகிறார். மூன்றாமவரோ, வீட்டில் படியும் தூசியில் முக்கால் பங்கு மனிதர்களின் செத்த தோல்தான் என்று கைப்பேசியில் சுற்றிவரும் செய்தியை எழுத்து மாறாமல் எடுத்துத் தந்திருக்கிறார். கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் இடைப்பட்ட ஒரு கடலோர ஊரில் 31 ஆண்டுகள் இயற்பியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மாலையில் தேநீர்க் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்தால், இந்த மாதத்தில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதிக்கு மேல் தூசியைப் பற்றியவையாகவே இருக்கின்றன. அங்கே வாய்மொழியாகச் சொன்ன பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். கூடவே, எங்கள் தெருவைக் கூட்டுகிற நேரத்தைப் பற்றி ஒரு முறையீடும் உண்டு. தூசியின் குணம் தெரிந்தால்தான் அதன் நியாயம் விளங்கும் என்பதால் அதைச் சற்றுப் பின்னால் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் மணற்புயல் என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஆடி மாதத்துப் பிற்பகலில் தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். கணுக்காலிலும் கெண்டைக்காலிலும் ஊசி குத்துவதுபோல் மணல் வந்து அடிக்கும். அதே நேரத்தில் முகத்தில் காற்று மட்டும்தான் மோதும். மணல் என்று மண்ணியலார் சொல்வது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கிலிருந்து 2 மில்லிமீட்டர் வரை உள்ள பரல்களை. அந்தப் பரலைக் காற்று தூக்கிச் சுமந்துகொண்டு போவதில்லை. ஒரு பரல் துள்ளி எழும்பி, சற்றுத் தூரம் போய், சாய்வாக வந்து விழுகிறது. விழுகிற வேகத்தில் வேறு சில பரல்களை இடித்துத் துள்ள வைக்கிறது. அவை இன்னும் சிலவற்றை இடிக்கின்றன. லிபியப் பாலைவனத்தில் சுற்றித் திரிந்த ரால்ஃப் பேக்னால்ட் என்ற பிரிட்டிஷ் படைப் பொறியாளர், 1930களில் காற்றுக் குழாய்க்குள் மணலைப் பரப்பி இந்தத் துள்ளலை அளந்து பார்த்தார். துள்ளும் மணலில் பெரும்பகுதி முழங்காலுக்குக் கீழேயே ஓடிவிடுகிறது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறக்கிறதோ இல்லையோ, மணல் தலைக்கு மேல் பறப்பது அரிது. ஆகவே இராமநாதபுரத்திலிருந்து கடற்கரைக்கு வருகிற சாலையில் பேருந்தின் முன்கண்ணாடியை மறைத்தது என்று அந்த வாசகர் எழுதியது மணலாக இருக்க முடியாது. அது மணலைவிடப் பல மடங்கு நுண்ணிய மண்தூள்.

இந்த வேறுபாட்டைப் புத்தகப் பேச்சு என்று தள்ளிவிட வேண்டாம். கருவாடு காயவைக்கிற பெண்களுக்கு இதில் நேரடியான பலன் இருக்கிறது. தரையில் வலையை விரித்து நெத்திலியையும் காரலையும் கொட்டினால், கடிக்கும்போது பல்லில் நறநறவென்று அரைபடும். அதே மீனை இடுப்பளவு உயரத்தில் பரண் கட்டி, மேலே வலையை இழுத்துக் கட்டிக் காயவைத்தால், துள்ளிவரும் மணல் அடியோடு போய்விடுகிறது. காற்று மேலும் கீழும் புகுந்து போவதால் மீன் சீக்கிரம் காய்கிறது என்பது கூடுதல் ஆதாயம். ஆனால் சாலையோரத்தில் பரண் கட்டினால் பயனில்லை. மணலுக்குத்தான் முழங்கால் கணக்கு. லாரி கிளப்பும் புழுதி பரணை மட்டுமல்லாமல் பனைமரத்தையும் தாண்டும்.

அப்படியானால் தூசி எவ்வளவு நேரம் காற்றில் நிற்கும் என்பது அடுத்த கேள்வி. ஒரு தலைமயிரின் குறுக்களவு சுமார் 70 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரை 1000 பங்காக வெட்டினால் அதில் 70 பங்கு. காற்றில் விழும் சின்னஞ்சிறு உருண்டையின் வேகம் அதன் குறுக்களவின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஜார்ஜ் ஸ்டோக்ஸ் 1851இல் எழுதிய விதி சொல்கிறது. அதன்படி கணக்குப் போட்டால், 10 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒரு மண் துகள் நொடிக்கு ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் வீதம் இறங்கும். 3 மீட்டர் உயரக் கூரையிலிருந்து தரைக்கு வர அதற்கு ஆறு நிமிடம் போதும். அளவு பத்தில் ஒன்றாகி 1 மைக்ரோமீட்டர் ஆனால், வேகம் நூறில் ஒன்றாகிவிடும். அதே தூரத்தை இறங்கப் பத்து மணி நேரத்துக்கு மேலாகும். அதுவும் காற்று துளியும் அசையாத அறையில். ஆள் நடந்தால், அடுப்பு எரிந்தால், கதவு திறந்தால் எழும் காற்றோட்டம் இந்த இறங்கு வேகத்தைப்போலப் பல நூறு மடங்கு இருப்பதால், அந்தத் துகள் நடைமுறையில் கீழே வருவதே இல்லை எனலாம். காலை வெயில் ஓட்டு இடுக்கு வழியாக அறைக்குள் சாய்வாக விழும்போது அந்த ஒளிக்கற்றையில் மினுமினுத்துக்கொண்டு மேலும் கீழும் அலைபவை இவைதாம். வெயில் வந்ததால் தூசி வந்துவிடவில்லை. எப்போதும் இருப்பதை ஒளி பக்கவாட்டில் சிதறடித்துக் காட்டிக்கொடுக்கிறது. ஜான் டின்டால் என்ற இயற்பியலறிஞர் இப்படிப்பட்ட ஒளிக்கற்றையின் அடியில் சுடரை வைத்துப் பார்த்து, அறைத் தூசியில் பெரும்பகுதி எரிந்து மறையக்கூடிய உயிர்ப்பொருள் என்று கண்டு, 1870இல் லண்டனில் தூசியையும் நோயையும் இணைத்துச் சொற்பொழிவாற்றினார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல ஆசை. நம்முடைய பழைய நீட்டலளவை வாய்பாடுகளில் ஒன்று, எட்டு அணு ஒரு தேர்த்துகள், எட்டுத் தேர்த்துகள் ஒரு பஞ்சிழை, எட்டுப் பஞ்சிழை ஒரு மயிர் என்று ஏறிக்கொண்டே போகும். தேரோடும்போது எழும் தூசியே தேர்த்துகள். மயிரில் அறுபத்து நாலில் ஒரு பங்கு என்று அதை வைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன 70 மைக்ரோமீட்டரை 64ஆல் வகுத்தால் 1 மைக்ரோமீட்டருக்குச் சற்று அதிகமாக வருகிறது. வாய்பாடு செய்தவர்கள் நுண்ணோக்கி வைத்து அளந்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. எட்டெட்டாகப் பெருக்கிப் போனதில் தற்செயலாக அமைந்த பொருத்தம்தான். இருந்தாலும் வகுப்பில் இதைச் சொன்ன நாட்களில் கடைசி வரிசை மாணவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

துகள் சிறுக்கச் சிறுக்கக் காற்றில் எளிதாக எழும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை வேறு. காற்று மிக எளிதாக அசைப்பது மென்மணல் அளவுள்ள, சுமார் 75 முதல் 100 மைக்ரோமீட்டர் வரையான பரல்களையே. அதைவிட நுண்ணிய துகள்கள் தம் எடையைக் காட்டிலும் பெரிய ஒட்டுவிசையால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடக்கின்றன. வற்றிய கண்மாயின் உள்வாயில் மழைக்குப்பின் காய்ந்து ஓடு கட்டிக் கிடக்கும் வண்டலைப் பாருங்கள்: உரசிப் பார்த்தால் முகப்பவுடரைப்போல இருக்கிற அந்த மண், கச்சான் நாள் முழுக்க வீசினாலும் அந்த ஓடு உடையாதவரை பறப்பதில்லை. ஏதாவது ஒன்று வந்து அதை உடைத்து மோதிக் கிளப்ப வேண்டும். பாலைவனத்தில் அந்த வேலையைத் துள்ளும் மணல் செய்கிறது. நம் ஊரில் டிராக்டர் சக்கரமும் சவுடு மண் லாரியும் செய்கின்றன. கண்மாயில் வண்டல் அள்ளுகிறபோதும், மனைக்கு மேடு கட்டச் சவுடு அடிக்கிறபோதும், லாரி போன வழியெல்லாம் கொட்டிய மண் அடுத்தடுத்த சக்கரங்களில் அரைபட்டு மாவாகிறது. பிறகு காற்று என்ற ஒன்று வேண்டியதே இல்லை; ஒரு இருசக்கர வாகனம் போனால் போதும். ஆகவே ஆடிக்காற்றின் மேல் முழுப் பழியையும் போடுவது சரியில்லை. அது வருடந்தோறும் வருகிற விருந்தாளி. அதற்கு முன்னால் மாவைத் தட்டில் கொட்டி வைத்தவர்கள் நாம்.

இனி உப்புக்கு வருகிறேன். வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்கள் தூசியைக் கூட்டுகின்றன என்று எழுதிய வாசகர் கவனிக்கத் தவறிய ஒன்று உண்டு. உப்பளம் என்று ஒன்று இல்லாவிட்டாலும், கரையில் உடையும் ஒவ்வொரு அலையும் நுண்ணிய துளிகளைத் தெறிக்கவிடுகிறது. நீர் ஆவியாகி உப்புத்துகள் காற்றில் மிஞ்சுகிறது. அந்த உப்பு எங்கள் தெரு மண்ணிலும் கூரையிலும் சன்னல் கம்பியிலும் ஆண்டு முழுவதும் படிந்துகொண்டே இருக்கிறது. உப்பின் குணம் சமையலறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். மழைக்காலத்தில் உப்புச்சாடி கசிகிறது. கையை விட்டால் ஈரம் ஒட்டுகிறது. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது சோடியம் குளோரைடு காற்றிலுள்ள நீராவியை இழுத்துத் தானே கரையத் தொடங்குகிறது. அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் காய்கிறது. கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடுக்கு 33 விழுக்காடே போதும் என்பதால், சுத்தம் செய்யாத கல்லுப்பு கோடையிலும் பிசுபிசுக்கிறது.

இந்தக் கணக்கைக் கடலோரத்தின் ஒரு நாளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பின்னிரவிலும் விடியலிலும் தரை குளிர்ந்து காற்றின் ஈரப்பதம் ஏறுகிறது. உப்பேறிய தெருமண் அந்த நேரத்தில் நீரை இழுத்து, பரலுக்கும் பரலுக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் கட்டி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. வெறுங்காலோடு வாசலில் இறங்கினால் மண் குளிர்ந்து கனமாக இருப்பதும், காலில் ஒட்டிக்கொண்டு வருவதும் இதனால்தான். வெயில் ஏறி, எட்டரை ஒன்பது மணிக்கு மேல் நிலத்தின் பக்கமிருந்து வறண்ட கச்சான் வீசத் தொடங்கியதும் அந்தப் படலம் காய்ந்துவிடுகிறது. அதே மண் இப்போது துடைப்பம் தொட்டாலே எழும்பும். நம் பெண்கள் கோழி கூவும் நேரத்தில் வாசல் தெளித்துக் கூட்டியதற்கு ஆயிரம் காரணம் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து அதில் இந்த ஒன்று எந்த நாளும் பொய்க்காது.

விடியலில் உப்பு நனைவது நமக்கு நன்மை மட்டும் செய்வதில்லை. கடலுக்கு அருகிலுள்ள மின்கம்பத்தின் கீழே மழையில்லாத மாதங்களில் நாலரை மணி வாக்கில் போய் நின்றால், மேலே கம்பியைத் தாங்கும் பீங்கானிலிருந்து தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்ததுபோல ஒரு சீறல் கேட்கும். இருட்டாக இருந்தால் நீலப் பொறியும் தெரியும். காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. பனியில் நனைந்த உப்புக்கரைசல் கடத்தும். பீங்கானின் மேல் பல மாதமாகத் தூசியோடு சேர்ந்து படிந்த உப்பு நனைந்ததும், மின்சாரம் அதன் பரப்பு வழியாகக் கசிகிறது. பெருமழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். பனியும் பூந்தூறலும் நனைக்குமே தவிரக் கழுவா. பகலெல்லாம் இருந்த மின்சாரம் பனி விழுந்த இரவில் ஏன் போகிறது என்று கேட்பவர்களுக்கு, பல காரணங்களில் இதுவும் ஒன்று என்று சொல்லலாம். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிடமிருந்து காக்க ஆண்டுக்கணக்கில் சுரண்டுவதும் வண்ணம் பூசுவதுமாக இருந்ததற்கும் இதே உப்பும் இதே ஈரமும்தான் காரணம்.

இப்போது முறையீடு. எங்கள் தெருவில் கூட்டும் பணி காலை ஒன்பதரைக்குத் தொடங்கிப் பதினோரு மணிக்கு முடிகிறது. நீர் தெளிப்பது கிடையாது. ஈர்க்குத் துடைப்பத்தால் சாலையின் இரு ஓரங்களிலும் குவிந்த மண்ணை அடித்துக் கூட்டி, குவியலாகச் சேர்த்து, ஓரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். வண்டி மறுநாள்தான் வருகிறது. அதற்குள் பாதி மண் சாலைக்கே திரும்பிவிடும். கூட்டுகிற அம்மையார் ஒருவரிடம், முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றவரிடம், இதையேன் விடியலில் செய்யக் கூடாது என்று கேட்டேன். "வெள்ளனயே கூட்டுனா மண்ணு எந்திரிக்காது சார், எங்களுக்கும் நெஞ்சு எரியாது. ஆனா கையெழுத்து வாங்குறவரு ஒம்பது மணிக்குத்தானே வாறாரு" என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதுகிற இயற்பியலை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

எனக்கே ஐயம் தீர வேண்டும் என்பதற்காக ஒரு சிறு சோதனை செய்தேன். இரண்டு கண்ணாடித் துண்டுகளில் தேங்காயெண்ணெயை மெல்லப் பூசி, மதில் மேல் மூக்களவு உயரத்தில் ஒன்றை வைத்துவிட்டு, ஐந்தரை மணிக்கு என் வீட்டு முன்புறத்தை நானே கால் மணி நேரம் கூட்டினேன். மறுநாள் பத்து மணிக்கு அதே இடத்தில் மற்றதை வைத்து அதே அளவு நேரம் கூட்டினேன். கைலென்ஸ் வைத்துப் பார்த்தபோது, விடியல் கண்ணாடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில பரல்கள் இருந்தன. பத்து மணிக் கண்ணாடி சாம்பல் பூசியதுபோல மங்கிப் போயிருந்தது. ஒரே ஒரு முறை செய்த சோதனையை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பத்து மணிக்குக் கூட்டிய அன்று காற்றும் சற்றுக் கூடுதல்தான். ஆனால் யார் வேண்டுமானாலும் தங்கள் வாசலில் இதைச் செய்து பார்த்துக்கொள்ளலாம். செலவு ஒரு சொட்டு எண்ணெய்.

வீட்டுக்குள் வரும் தூசியைப் பற்றியும் மூன்றாம் வாசகருக்காகச் சில வரிகள். மனிதத் தோல் நாள்தோறும் செதில் செதிலாக உதிர்கிறது என்பது உண்மை. அடைத்த சன்னலும் கம்பளமும் உள்ள குளிர்நாட்டு வீடுகளில்கூடத் தூசியில் துணிநூல், வெளிமண், சமையல் புகை, மகரந்தம் எல்லாம் பெரும் பங்கு வகிக்கின்றன. நாளெல்லாம் கதவு திறந்து கிடக்கும் நம் கடலோர வீட்டில் முக்கால் பங்கு தோல் என்பது பொருந்தாத கணக்கு. தோல் செதிலைத் தின்று வாழும் தூசிப்பூச்சி என்ற கால் மில்லிமீட்டர் உயிரி நம் தலையணையில் இருக்கிறது என்பது மட்டும் சரி. அது நீர் குடிப்பதில்லை. காற்றின் ஈரத்தை உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே ஈரக்காற்று வீசும் கடற்கரை அதற்கு மிகவும் ஏற்ற இடம். அதன் கழிவிலுள்ள புரதமே பலருக்கு அடுக்குத் தும்மலையும் இளைப்பையும் உண்டாக்குகிறது. தலையணையையும் மெத்தையையும் மொட்டை மாடி வெயிலில் போட்டு எடுக்கிற பழக்கம் அதை உலர்த்திக் கொல்லும். உறைகளை 60 பாகை செல்சியஸ் வெந்நீரில் அலசினால் பிழைக்காது.

ஓடிக்கொண்டே இருக்கிற மின்விசிறியில் தூசி எப்படி ஒட்டுகிறது என்ற கேள்வியைக் கேட்காத மாணவர் தொகுதி எனக்கு வாய்த்ததில்லை. நாற்காலி போட்டு ஏறிப் பாருங்கள்: காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னே போகிற விளிம்பில்தான் கருங்கோடு தடித்திருக்கும். இறகை நெருங்கும் காற்று வளைந்து விலகிப் போகிறது. கனமான துகளால் அத்தனை சட்டென்று திரும்ப முடியாமல் விளிம்பில் போய் மோதுகிறது. ஒட்டிய பிறகு அது ஏன் பறந்துவிடவில்லை என்றால், இறகின் பரப்பை ஒட்டிய மிக மெல்லிய காற்றுப் படலம் இறகோடு சேர்ந்தே சுழல்கிறது. அந்தப் படலத்துக்குள் பதுங்கிய துகளுக்கு வெளியே வீசும் காற்று எட்டுவதில்லை. தாளிப்பு எண்ணெயும் உப்பு ஈரமும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கின்றன. ஈரத்துணியால் துடைத்தால் போதும். உலர்ந்த துணியால் தேய்ப்பது கூரையிலிருந்த தூசியை மூக்குக்கு இறக்கும் வேலை.

உடலுக்கு வரும் கேடு துகளின் அளவைப் பொறுத்தது. 10 மைக்ரோமீட்டருக்கு மேற்பட்டவற்றில் பெரும்பாலானவற்றை மூக்கும் தொண்டையும் தடுத்துச் சளியோடு வெளியே தள்ளிவிடும். கண்ணில் விழுந்து உறுத்துவதும் இருமவைப்பதும் இவையே. 2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போகும். நம் நாட்டில் 2009இல் வகுத்த தரத்தின்படி, ஒரு கனமீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டர் வரையான துகள் 24 மணி நேரச் சராசரியில் 60 மைக்ரோகிராமையும், 10 மைக்ரோமீட்டர் வரையானது 100 மைக்ரோகிராமையும் தாண்டக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டலில் இவை 15, 45 என்று இன்னும் இறுக்கமாக உள்ளன. இந்த அளவுகளெல்லாம் எடைக்கணக்கில் இருப்பதை மறக்கக் கூடாது. 10 மைக்ரோமீட்டர் துகள் ஒன்றின் எடைக்கு 1 மைக்ரோமீட்டர் துகள்கள் ஆயிரம் வேண்டும். கண்ணுக்குத் தெரியும் புழுதி அடங்கிவிட்டது என்று மூக்கில் கட்டிய துண்டை அவிழ்க்கும் நேரத்தில் அந்த ஆயிரமும் அங்கேயே மிதந்துகொண்டிருக்கும். துண்டு பெரும் புழுதிக்குத் தடுப்பு. நுண்தூசிக்கு அதன் இழை இடைவெளி வாசற்கதவு மாதிரி. முகத்தில் இடுக்கில்லாமல் படியும் என்95 முகக்கவசமே அதைப் பிடிக்கும்.

கடற்கரை மணலிலும் சிலிக்கா இருக்கிறதே, அதில் விளையாடும் பிள்ளைகளுக்கு நுரையீரல் நோய் வராதா என்று ஒரு தாய் கேட்டார். வராது. அந்தப் பரல் மூச்சில் போக முடியாத அளவுக்குப் பெரியது. அலையில் உருண்டு உருண்டு முனை மழுங்கியது. எம்-சாண்ட் கொட்டும் இடமும், கல் அறுக்கும் பட்டறையும், டைல்ஸ் வெட்டும் வாசலும் வேறு. அங்கே பாறை புதிதாக உடைந்து கூர்மையான நுண்தூளாகப் பறக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரலில் தழும்பு விழுந்து கெட்டிப்பட்டுவிடும், அதை மாற்ற மருந்து கிடையாது. வெட்டும் தகட்டின் மேல் ஒரு குழாயில் நீர் சொட்டிக்கொண்டிருந்தால் இந்தத் தூளில் பெரும்பகுதி சேறாகிக் கீழே விழும். ஒரு வாளித் தண்ணீர்ச் செலவு.

தூசி இருந்தால்தானே மேகம் உண்டாகும், இத்தனை தூசியும் உப்பும் இருந்தும் ஆடியில் இங்கே மழை ஏன் இல்லை என்று கேட்டவர் ஒரு விவசாயி. நல்ல கேள்வி. மேகத்துளி ஒவ்வொன்றும் ஒரு துகளைச் சுற்றியே திரள்கிறது; கடலுப்பு அதற்கு முதல்தரமான வித்து. ஆனால் வித்து மட்டும் இருந்து பயனில்லை. ஈரக்காற்று மேலே ஏறிக் குளிர வேண்டும். தென்மேற்குக் காற்று தன் நீரை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, வறண்டு இறங்கி நம்மிடம் வருகிறது. புழுதி விதைப்பு செய்துவிட்டு வடகிழக்குப் பருவத்தை எதிர்பார்த்திருக்கும் நம் சம்சாரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கூரையில் சூரியத்தகடு வைத்தவர்கள் கூடிவிட்டதால் அதற்கும் ஒன்று. 2016இல் கமுதியில் 648 மெகாவாட் நிலையம் அமைத்தபோது, தகடுகளை அன்றாடம் துடைக்கத் தானியங்கி இயந்திரங்களை வைத்தார்கள். அது வீண் ஆடம்பரம் இல்லை. இரவுப் பனியில் தகட்டின் மேலுள்ள உப்பும் சுண்ணமும் கரைந்து, பகலில் காய்ந்து, தூசியைச் சிமெண்டு பூசியதுபோல இறுக்கிவிடும். பிறகு காற்றால் அதைத் தள்ள முடியாது. வீட்டுத் தகட்டைப் பனி காயும் முன்பே துடைத்துவிட வேண்டும். உவர்க்கிணற்று நீரை ஊற்றிவிட்டு அப்படியே விடக் கூடாது. ஒரு தூசியை எடுத்து இன்னொன்றைப் பூசிய கதையாகிவிடும்.

நெருப்புப் பிடிக்கும் தூசியைச் சொல்லாமல் விடுவது பிழையாகும். சீமைக்கருவேல் மூட்டம் பிரித்துக் கரியைச் சாக்கில் கட்டுகிற கொட்டகைகளும் மாவு மில்களும் நம் பக்கத்தில் ஏராளம். ஒரு சென்டிமீட்டர் கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே 10 மைக்ரோமீட்டர் துண்டுகளாக நொறுக்கினால் பரப்பு 6000 சதுர சென்டிமீட்டர் ஆகும். அத்தனை பரப்பிலும் காற்றுப் பட்டு ஒரே நேரத்தில் எரிந்தால் அது வெடிப்பு. 1878இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் கோதுமை மாவுத் தூசி வெடித்து ஓர் ஆலையே தரைமட்டமாகி 18 பேர் இறந்தார்கள். அடைத்த கொட்டகையில் தூள் பறக்கும்போது பீடி பற்றவைக்கிறவர்கள் இதை நினைவில் வைத்தால் நல்லது.

நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஆனி முதல் புரட்டாசி வரையாவது கடலோர ஊர்களில் கூட்டும் பணியை ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடிக்கும்படி நேரத்தை மாற்ற வேண்டும். வருகைப் பதிவேடும் அந்த நேரத்துக்கே வர வேண்டும். அந்த இருட்டில் வருகிற பெண் பணியாளர்களுக்கு வாகன வசதியும் தெருவிளக்கும் முதலில் உறுதியாக வேண்டும். கூட்டிய மண்ணை அன்றே அள்ள வேண்டும். சவுடு லாரிகள் தார்ப்பாய் கட்டாமல் ஊருக்குள் நுழையக் கூடாது. பள்ளிக்கூட வாசலை ஒட்டிய மண் ஓரத்துக்குக் கல் பாவ வேண்டும். அதுவரை காலையிலும் மாலையிலும் மணி அடிப்பதற்கு அரை மணி நேரம் முன்னால் நீர் தெளித்தால் போதும், உவர்நீராக இருந்தாலும் குற்றமில்லை. அந்த உப்பே மறுநாள் விடியலில் ஈரத்தை இழுத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

இது தொடர்பாக உரிய அலுவலகத்தில் நான் கொடுத்த மனு இரண்டு மாதமாக நிலுவையில் உள்ளது. எண்ணெய் பூசிய அந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளையும் காகிதத்தில் சுற்றி மனுவோடு சேர்த்துத்தான் கொடுத்தேன். கண்ணாடியை ஏற்பதற்கில்லை என்று திருப்பித் தந்துவிட்டார்கள். வீட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கின்றன. கேட்டால் கொண்டுவரத் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கீழக்கரை வட்டம், இராமநாதபுரம் மாவட்டம்.